லண்டன் சிவப்பு பஸ்: பத்து வருஷமா ஏறி இறங்குற ஒருத்தியோட ரிவ்யூ

லண்டனுக்கு புதுசா வர்றவங்க எல்லாரும் ட்யூப், அதாவது இங்க தரைக்கு அடியில ஓடுற மெட்ரோ ரயில் பத்தியே கேக்குறாங்க, எந்த லைன், எந்த ஸோன், எவ்ளோ ஆகும்னு. பஸ் பத்தி யாரும் கேக்குறதில்ல. ஆனா கையில காசு கம்மியா வச்சுட்டு இந்த ஊர்ல குடும்பம் நடத்துறவங்களுக்கு பஸ் தான் எல்லாமே, அதனால நான் பஸ்ஸுக்கு ரிவ்யூ எழுதுறேன். எழுத உக்காந்ததும் தான் ஒண்ணு புரிஞ்சுது, இந்த ஊர் மேயர்களை பத்தி பேசாம இந்த பஸ்ஸ பத்தி பேசவே முடியாது. பஸ் டிக்கெட் விலைலேர்ந்து கதவு எத்தனைங்கிறது வரைக்கும் ஒவ்வொண்ணுலயும் ஏதோ ஒரு மேயரோட கை இருக்கு.

முதல்ல என் கதை. நான் 2014 செப்டம்பர்ல வந்தேன், ஈஸ்ட் ஹாம்ல வீடு. 2015ல செயின்ட் பால்ஸ் பக்கம் ஆபீஸ் க்ளீனிங் வேலை கிடைச்சுது, வாரத்துல மூணு நாள், காலைல 5:30க்கு உள்ள இருக்கணும். அந்த நேரத்துக்கு ட்யூப்ப நம்பி கிளம்ப முடியாது. 115 ராத்திரி பூரா ஓடும், ஈஸ்ட் ஹாம் டவுன் ஹால் ஸ்டாப்ல 4:20க்கு போய் நின்னா கேனிங் டவுன், பாப்லர், கமர்ஷியல் ரோடு வழியா ஆல்ட்கேட்ல கொண்டு போய் விடும், அங்கேர்ந்து 25 மாறினா செயின்ட் பால்ஸ்.

அந்த நேரத்து 115 எப்படி இருக்கும்னு பகல்ல மட்டும் போறவங்களுக்கு தெரியாது. கீழ் தளம் ஃபுல்லா இருக்கும். கானாக்காரங்க, பங்களாதேஷ்காரங்க, கொலம்பியா பொம்பளைங்க, நம்ம யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்க எப்பவும் டிரைவருக்கு பின்னாடி ரெண்டாவது சீட், மடியில டிபன் பாக்ஸ், கோட்டோட தொப்பிய முகம் வரைக்கும் இழுத்து விட்டுட்டு தூங்கிட்டு வருவாங்க, லைம்ஹவுஸ் அனவுன்ஸ்மென்ட் கேட்டதும் கரெக்டா முழிச்சுப்பாங்க. யாரும் யார்கூடயும் பேச மாட்டாங்க. ஒவ்வொரு ஸ்டாப்லயும் மஞ்சள் ரீடர்ல கார்டு வைக்கிற அந்த பீப் சத்தம் மட்டும் வரிசையா கேட்டுட்டே இருக்கும். இந்த ஊர் ஆபீஸ் எல்லாம் காலைல பளபளன்னு இருக்குறதுக்கு காரணமானவங்க அந்த பஸ்ல தான் போறாங்க.

அப்போ ஒரு பஸ்ஸுக்கு ஒன்றரை பவுண்ட். பஸ் மாறினா மறுபடியும் ஒன்றரை. போக ரெண்டு வர ரெண்டு, ஆறு பவுண்ட் ஆகணும், ஒரு நாளைக்கு இதுக்கு மேல எடுக்க மாட்டோம்னு ஒரு லிமிட் இருந்ததால 2016ல நாலரையோட நிக்கும். மூணு நாளைக்கு பதிமூணரை. வாரப் பாஸ் எடுத்தா இன்னும் ஜாஸ்தி, மூணு நாள் வேலைக்கு அது கட்டுப்படி ஆகாது. 2016 செப்டம்பர்ல திடீர்னு ஒரு நாள் ரெண்டாவது பஸ்ஸுக்கு காசு எடுக்கல. முதல் பஸ்ல கார்டு வச்சதுலேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள அடுத்த பஸ் ஏறினா அது ஃப்ரீ. ஹாப்பர் கட்டணம்னு பேரு. எனக்கு வாரத்துக்கு நாலரை பவுண்ட் மிச்சம், அந்த காசுக்கு ஹை ஸ்ட்ரீட் நார்த்ல நம்ம கடைல ஒரு வாரத்து காய்ல பாதி வாங்கிடலாம்.

இத யார் பண்ணாங்கன்னு அந்த அக்கா கிட்ட கேட்டேன், "புது மேயர் பிள்ளை, அவற்ற அப்பாவும் பஸ் டிரைவர்தான்"னு சொன்னாங்க. சாதிக் கான் 2016 மே மாசம் ஜெயிச்சாரு, அவரோட தேர்தல் வாக்குறுதில இது இருந்துச்சு, நாலே மாசத்துல வந்துடுச்சு. 2018 ஜனவரில ஒரு பஸ்ஸுங்கிற கணக்கையும் எடுத்துட்டாங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தனை பஸ் வேணா மாறலாம். எனக்கு அது வரைக்கும் மேயர்னா ரிப்பன் வெட்டுற ஆள், கழுத்துல சங்கிலி போட்டுட்டு போட்டோல நிக்கிறவர், அவ்ளோதான் தெரியும்.

நான் சென்னை பொண்ணு. அங்க பஸ் எம்டிசி, அது மாநில அரசோடது, மாநகராட்சி மேயருக்கும் டிக்கெட் விலைக்கும் சம்பந்தமே இல்ல. 2021ல பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் ஃப்ரீன்னு வந்தப்போ அது முதலமைச்சர் போட்ட கையெழுத்து. லண்டன்ல அந்த மாதிரி கையெழுத்து மேயர் போடுறாரு, வித்தியாசம் அங்க தான் இருக்கு. டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனுக்கு தலைவரே மேயர் தான். பஸ்ஸ ஓட்டுறது தனியார் கம்பெனிங்க, ஆனா எந்த ரூட், எத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணு, டிக்கெட் எவ்ளோ, பஸ்ஸுக்கு என்ன கலர்னு எல்லாத்தையும் மேயருக்கு கீழ இருக்குற அந்த அமைப்பு முடிவு பண்ணி டெண்டர் விடுது. எந்த கம்பெனி ஓட்டினாலும் பஸ் சிவப்பா இருக்குறதுக்கு காரணம் இது தான்.

லண்டனுக்கு வெளிய போனா தான் இதோட அருமை தெரியும். 1986ல இங்கிலாந்து பூரா பஸ்ஸ மார்க்கெட் கையில விட்டுட்டாங்க, எந்த கம்பெனி வேணா எந்த ரூட்ல வேணா ஓட்டலாம், லாபம் இல்லன்னா நிறுத்திடலாம். லண்டன மட்டும் அதுல சேர்க்கல. மான்செஸ்டர்ல மேயர் ஆண்டி பர்னம் இத மாத்தணும்னு வருஷக்கணக்கா போராடி, கம்பெனிங்க கோர்ட்டுக்கு போயும் விடாம, 2023 செப்டம்பர்ல முதல் கட்டமா ஆரம்பிச்சு 2025 ஜனவரில எல்லா பஸ்ஸையும் லண்டன் மாதிரியே பொது கட்டுப்பாட்டுக்கு கொண்டு வந்தாரு. அங்க பஸ் மஞ்சள் கலர்.

லண்டன்ல இந்த சண்டை ரொம்ப பழசு. 1981ல கிரேட்டர் லண்டன் கவுன்சிலுக்கு தலைவரா வந்த கென் லிவிங்ஸ்டன் பஸ் ட்யூப் கட்டணத்த மூணுல ஒரு பங்கு கிட்ட குறைச்சாரு. ப்ராம்லி பரோ (பரோன்னா லண்டனுக்குள்ள தனி கவுன்சில் இருக்குற ஒரு பகுதி) கேஸ் போட்டுச்சு, எங்க ஏரியால ட்யூபே இல்ல நாங்க ஏன் வரி கட்டணும்னு. நாட்டோட உச்ச கோர்ட் வரைக்கும் போயி அந்த குறைப்பு செல்லாதுன்னு தீர்ப்பு வந்துடுச்சு, 1982ல கட்டணம் ஒரே அடியா டபுள் ஆச்சு. அப்புறம் 1986ல மார்கரெட் தாட்சர் அரசாங்கம் அந்த கவுன்சிலையே கலைச்சுடுச்சு. 14 வருஷம் இவ்ளோ பெரிய ஊருக்கு மொத்தமா ஒரு தேர்ந்தெடுத்த ஆட்சியே இல்ல, யோசிச்சு பாருங்க. 2000ல முதல் தடவையா மேயர் தேர்தல் வந்தப்போ லேபர் கட்சி கென்னுக்கு சீட் தரல, அவர் சுயேச்சையா நின்னு ஜெயிச்சாரு. எந்த ஆள வேணாம்னு கவுன்சிலையே கலைச்சாங்களோ அதே ஆள ஜனங்க திரும்ப கொண்டு வந்து உக்கார வச்சாங்க.

அவர் பண்ணதுல பெருசு 2003 பிப்ரவரி 17. அன்னிலேர்ந்து நடு லண்டனுக்குள்ள கார்ல போனா ஒரு நாளைக்கு 5 பவுண்ட். பத்திரிகை எல்லாம் இது நாசமா போகும்னு எழுதிச்சு. போகல. ஏன்னா அந்த காசு வேற எங்கயும் போக முடியாது, போக்குவரத்துக்கு தான் செலவு பண்ணணும்னு சட்டம், அதோட சார்ஜ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கூடுதல் பஸ்ஸ ரோட்ல எறக்கிட்டாரு. கார விட்டு எறங்குன்னு சொல்றதுக்கு முன்னாடி ஏறுறதுக்கு ஒண்ணு நிக்கணும்ல. 2005ல 16 வயசுக்கு கீழ உள்ள பசங்களுக்கு பஸ் ஃப்ரீ, அடுத்த வருஷம் படிக்கிற 16, 17 வயசு பசங்களுக்கும். என் பொண்ணு கழுத்துல தொங்குற ஸிப் கார்டு அந்த முடிவோட மிச்சம். செகண்டரி ஸ்கூல் ரெண்டு பஸ் தூரம், ஒரு பென்னி கட்டினதில்ல. 2005 கடைசில, பின்பக்கம் கதவே இல்லாம திறந்து இருக்குற பழைய ரூட்மாஸ்டர் பஸ்ஸ தினசரி சேவைலேர்ந்து எடுத்தாரு, ஊரே வருத்தப்பட்டுச்சு, ஆனா அந்த பஸ்ல வீல்சேர் ஏற முடியாது. இப்போ எல்லா பஸ்ஸும் தாழ்தளம், நடுக் கதவுல ராம்ப். டிரைவர் பட்டன அமுக்கினா பீ பீன்னு சத்தத்தோட அந்த பலகை நாக்கு மாதிரி வெளிய வந்து பிளாட்பாரத்துல உக்காரும், வீல்சேர்ல இருக்கவங்க யார் உதவியும் இல்லாம தானா ஏறுவாங்க, அவங்க ஏறுற வரைக்கும் மத்தவங்க வெயிட் பண்ணுவாங்க. எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அது பிடிக்கும்.

போரிஸ் ஜான்சன் 2008ல வந்தாரு. அவரோட பிரச்சாரத்துல பெரிய விஷயமே பஸ் தான், கென் கொண்டு வந்த நீளமான மடங்கற பெண்டி பஸ்ஸ ஒழிப்பேன், புது ரூட்மாஸ்டர் கொண்டு வருவேன்னு. ரெண்டையும் செஞ்சாரு. 2011 கடைசில கடைசி பெண்டி போச்சு, 2012 பிப்ரவரில 38ம் நம்பர்ல புது பஸ் ஓட ஆரம்பிச்சு மொத்தம் ஆயிரம் வாங்கினாங்க. பாக்க ரொம்ப அழகு, பின்னாடி வளைஞ்ச கண்ணாடி, ரெண்டு மாடிப்படி. ஆனா ஜன்னல் திறக்க முடியாம கட்டினதால மேல் தளம் வெயில் காலத்துல அடுப்பு மாதிரி இருந்துச்சு, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு, அப்புறம் எல்லா பஸ்ஸுக்கும் திறக்குற ஜன்னல் போட வேண்டியதாச்சு. பின் கதவுல நிக்க தனியா ஆள் போட்டாங்க, அந்த செலவு தாங்காம அதையும் எடுத்துட்டாங்க. அடுத்த மேயர் வந்ததும் இனி வாங்க வேணாம்னு முடிவு. ஒரு மேயர் தன் அடையாளமா ஒண்ண செஞ்சா அது எவ்ளோ செலவுல முடியும்ங்கிறதுக்கு சாட்சியா அந்த பஸ் ரோட்ல ஓடிட்டே இருக்கு. அவர் காலத்துல நல்லதும் நடந்துச்சு. 2010ல வாடகை சைக்கிள், 60 வயசு ஆனவங்களுக்கு 2012ல இலவச கார்டு, ஸ்டேட் பென்ஷன் வயசு தள்ளி போனப்போ நடுவுல மாட்டினவங்களுக்கு அது பெரிய உதவி. ஆனா பஸ் கட்டணம் அவர் வந்தப்போ 90 பென்ஸ், போறப்போ ஒன்றரை பவுண்ட். என்ன மாதிரி ஆளுங்களுக்கு அது தான் கணக்கு.

சாதிக் கான் நாலு வருஷம் கட்டணத்த ஏத்தாம வச்சிருந்தாரு. இதுல எனக்கு முழு மனசா பாராட்டு தான் வருது, ஆனா மறுபக்கமும் சொல்லணும். 2018லேர்ந்து மத்திய அரசு லண்டன் போக்குவரத்துக்கு தினசரி செலவுக்குன்னு கொடுத்துட்டு இருந்த மானியம் நின்னு போச்சு, டிக்கெட் காசு தான் முக்கிய வருமானம். அப்புறம் 2020, கொரோனா. டிக்கெட் காசு அப்படியே விழுந்துச்சு. அந்த ஏப்ரல்ல பஸ்ல முன் கதவு மூடி, டிரைவர் பக்கத்துல யாரும் போகாம நடுக் கதவு வழியா ஏறினோம், கார்டே வைக்க வேணாம்னாங்க. டிரைவர்ங்க நிறைய பேர் செத்து போனாங்க. நாங்க அப்பவும் தினமும் போனோம், ஏன்னா பேங்க் ஆபீஸ் மூடியிருந்தாலும் ஆஸ்பத்திரிய யாராவது துடைக்கணுமே, என்ன ஆஸ்பத்திரி வேலைக்கு மாத்திட்டாங்க. அந்த மே மாசம் மேயர் மத்திய அரசு கிட்ட போய் நிக்க வேண்டியதாச்சு, காசு கொடுத்தாங்க, கூடவே நிபந்தனை. நடு லண்டன் கார் சார்ஜ் 15 பவுண்ட் ஆச்சு. அடுத்த வருஷங்கள்ல பஸ் டிக்கெட் 1.55, 1.65, 2023 மார்ச்ல 1.75. பசங்களோட இலவச பயணத்தையும் நிறுத்தணும்னு அரசு சொல்லிச்சு, அது மட்டும் நடக்கல. லண்டன் மேயர் எவ்ளோ பெரிய பதவின்னு சொல்றோமோ அவ்ளோ தூரம் அவர் கஜானா சாவி வேற ஒருத்தர் கிட்ட இருக்குங்கிறதும் உண்மை.

யூலெஸ் பத்தி நம்மாளுங்க வீட்டு விசேஷத்துல எல்லாம் சண்டை போட்டிருக்காங்க, அதனால அதையும் சொல்லிடுறேன். பழைய புகை கக்குற வண்டிக்கு நாளைக்கு 12.50 பவுண்ட். 2019 ஏப்ரல்ல நடு லண்டன், 2021ல இன்னும் கொஞ்சம் வெளிய, 2023 ஆகஸ்ட் 29லேர்ந்து லண்டன் மொத்தமும். நாலு பரோவும் சர்ரே கவுண்டியும் கோர்ட்டுக்கு போய் தோத்துச்சு. அதுக்கு முந்தின மாசம் போரிஸ் ஜான்சன் விட்டுட்டு போன அக்ஸ்பிரிட்ஜ் தொகுதில இடைத்தேர்தல், கன்சர்வேடிவ் கட்சி இந்த ஒரே விஷயத்த பிடிச்சுட்டு 495 ஓட்டுல ஜெயிச்சுது, ஒரு மேயர் போட்ட ரோடு சார்ஜ் நாடாளுமன்ற சீட்டையே தீர்மானிச்சுது. லேபர் தலைமையே மேயர் யோசிக்கணும்னு சொல்லிச்சு. அவர் பின்வாங்கல. வெளி லண்டன்ல பழைய டீசல் வண்டி வச்சு வேலை பாக்குறவங்களுக்கு அது நிஜமாவே பெரிய அடி, கார மாத்த கொடுத்த 2000 பவுண்ட் பத்தலன்னு அவங்க சொன்னதுல நியாயம் இருக்கு. ஆனா லூயிஷம்ல சவுத் சர்குலர் ரோடு பக்கத்துல இருந்த ஒன்பது வயசு பொண்ணு ஆஸ்துமால செத்து, காத்து மாசும் ஒரு காரணம்னு 2020ல விசாரணை அதிகாரி தீர்ப்பு கொடுத்தாரு. பேர்க்கிங் ரோடு ஸ்டாப்ல ரெண்டு பக்கமும் லாரி போக பொண்ணு கைய பிடிச்சுட்டு நிக்கிறவ நான், எனக்கு எந்த பக்கம் நிக்கணும்னு குழப்பமே வரல.

சரி, பஸ்ஸுக்கு வர்றேன். குறை என்னன்னா வேகம். பகல்ல சராசரியா மணிக்கு 9 மைல் பக்கம் தான், சைக்கிள்காரர் தாண்டி போவாரு. பஸ் லேன் நிறைய வேணும், ஆனா ரோடு பெரும்பாலும் அந்தந்த பரோ கவுன்சிலோடது, மேயர் நினைச்சா மட்டும் ஆகாது. 2023லேர்ந்து வெளி லண்டன்ல சூப்பர்லூப்னு கம்மி ஸ்டாப்ல நிக்கிற பஸ் விட்டாங்க, ஹாரோலேர்ந்து ஹீத்ரோவுக்கு எஸ்எல் 9, அந்த பக்கம் இருக்கவங்க பெட்டியோட ஏர்போர்ட் போக அதையே புடிங்க. 2022ல நிறைய ரூட்ட நிறுத்த போறோம்னு அறிவிச்சாங்க, 12, 24 மாதிரி பழைய நம்பர் எல்லாம் அந்த லிஸ்ட்ல. ஜனங்க ஆயிரக்கணக்குல எழுதி போட்டாங்க, மேயர் பட்ஜெட்ல காசு கண்டுபிடிச்சு பெரும்பாலானத காப்பாத்தினாரு. அதுல ஒரு விண்ணப்பம் என்னோடது. 521 மாதிரி சிலது போயிடுச்சு.

புதுசா வர்றவங்களுக்கு: பஸ்ல காசு வாங்க மாட்டாங்க, 2014லயே நிறுத்தியாச்சு. ஒரே கார்டையோ ஒரே போனையோ தான் நாள் பூரா யூஸ் பண்ணுங்க, ஒரு பஸ்ல கார்டு அடுத்த பஸ்ல போன்னு மாத்தினா ஹாப்பரும் கிடைக்காது, நாள் லிமிட்டும் தனித்தனியா கணக்காகும். இறங்கறப்போ கார்டு வைக்க தேவையில்ல. என் ரேட்டிங் அஞ்சுக்கு நாலு, அந்த ஒண்ணு வேகத்துக்கு.

இன்னொண்ணு, இத நிறைய பேர் நம்ப மாட்டேங்குறாங்க. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வச்சிருக்கவங்களும் இங்க முறையான விசால இருந்தா மேயர் தேர்தல்ல ஓட்டு போடலாம், காமன்வெல்த் நாட்டு குடிமக்கள்ங்கிறதால. பிரிட்டிஷ் சிட்டிசன் ஆகணும்னு அவசியம் இல்ல. எனக்கு 2016ல இது தெரியாது, 2021ல தான் முதல் ஓட்டு. 2024 மே 2ம் தேதி மேயர் தேர்தல்ல முதல் தடவையா போட்டோ ஐடி கேட்டாங்க, நான் இந்திய பாஸ்போர்ட்ட தான் கொண்டு போனேன். பக்கத்து பிரைமரி ஸ்கூல் ஹால், பசங்க வரைஞ்ச படம் சுவர் பூரா. மேசைல இருந்த அம்மா பாஸ்போர்ட்ட திறந்து முகத்த ஒரு தடவை பாத்துட்டு லிஸ்ட்ல பேர் மேல ஸ்கேல் வச்சு ஒரு கோடு போட்டாங்க, மூணு சீட்டு கொடுத்தாங்க, மேயருக்கு பிங்க் கலர். நம்ம ஊர் மாதிரி மெஷின் கிடையாது, நூல்ல கட்டின பென்சில் தான்.

அடுத்த மேயர் தேர்தல் 2028 மே. ஆன்லைன்ல அஞ்சு நிமிஷத்துல பதிஞ்சுடலாம், நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர் கையில வச்சுக்கோங்க, தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்னாடி முடிச்சிருக்கணும். வீடு மாறினா மறுபடியும் பதியணும், இத தான் எல்லாரும் மறந்துடுறாங்க, போன தடவை எங்க ஷிஃப்ட்ல ரெண்டு பேர் இதனாலயே போட முடியாம போச்சு.